விளையாட்டில் அரசியலைக் கலந்தவர் யார்?

பள்ளி விளையாட்டுப் போட்டிகளின் பரிசளிப்பு மேடைகளில் ஆண்டுதோறும் தவறாமல் ஒலிக்கும் வாசகம் ஒன்று உண்டு. சிறப்பு விருந்தினராக வந்தவர் ஒலிபெருக்கியைத் தம் பக்கம் சற்றே இழுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "விளையாட்டில் அரசியலைக் கலக்கக் கூடாது" என்பார். பெற்றோர் கைதட்டுவர். வெயிலில் வரிசையாக நிற்கும் மாணவரும், ஆசிரியர் தட்டுவதைப் பார்த்துத் தாமும் தட்டுவர். கேட்பதற்கு இனிய வாசகந்தான். பாலில் தண்ணீரைக் கலக்காதே, அரிசியில் கல்லைக் கலக்காதே என்பன போல யாராலும் மறுக்க இயலாத நல்லுரையாகவே அது தோன்றும். ஆனால், பாலில் தண்ணீரைக் கலந்து விற்றவனே பானையைப் பின்னால் மறைத்துக்கொண்டு அந்த நல்லுரையை வழங்கினால் என் செய்வது?

இவ்வாசகத்தை உரக்கக் கூறியவர்கள் யார் யார் என்று தேடிச் செல்வார்க்கு ஓர் உண்மை புலப்படும். திடலுக்குள்ளே இருந்தவன்தான் இதனைச் சொல்லியிருக்கிறான். திடலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் சொல்லக் காணோம். தென்னாப்பிரிக்காவின் கதை இதற்கு ஈடிணையற்ற சான்று. 1994ஆம் ஆண்டுத் தேர்தலோடு முடிந்துபோன பழங்கதை என்று அதனை ஒதுக்கிவிடலாகாது. ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் உலகின் முன் நடந்த அவ்வழக்கில் இரு தரப்பாரும் எடுத்துரைத்த வாதங்களே இன்றும் ஊர்தோறும் மேடைதோறும் எடுத்தாளப்படுகின்றன.

அந்நாட்டில் 1948ஆம் ஆண்டு தேசியக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றிற்று. 1950இல், மக்களை நிறவாரியாகப் பதிவு செய்யும் சட்டமும், எந்த நிறத்தார் எந்த வட்டாரத்தில் குடியிருக்கலாம் என்று வரையறுக்கும் சட்டமும் பிறந்தன. 1953இல் பூங்காவின் இருக்கை முதல் கடற்கரையின் மணல் வரை தனித்தனியே பிரித்து வைக்கும் சட்டம் வந்தது. பிரித்துக் கொடுக்கப்படும் வசதிகள் சமமாக இருக்கவேண்டிய தேவையில்லை என்பதையும் அச்சட்டம் கூச்சமின்றிக் கூறியிருந்தது. 1956இல் உள்துறை அமைச்சராயிருந்த டோங்கெஸ் விளையாட்டுக்கும் வழி வகுத்தார். வெள்ளையரும் வெள்ளையரல்லாதாரும் தத்தம் விளையாட்டுகளைத் தனித்தனியே நடத்திக்கொள்ள வேண்டும். நாட்டிற்குள் இரு சாராரும் எதிரெதிரே மோதலாகாது. ஒரே அணியில் கலந்து ஆடவும் ஆகாது. வெள்ளையரல்லாதாரின் சங்கம் உலக அமைப்புகளில் இடம்பெற விரும்பினால் வெள்ளையர் சங்கத்தின் வாயிலாகவே கேட்கவேண்டும். இதுதான் அவர் அறிவித்த கொள்கை.

விளையாட்டு என்ற சொல்லுக்கு முன்னால் நிறத்தின் பெயரை எழுதிவைத்தவர் ஓர் அமைச்சர், ஆளுங்கட்சிக்காரர், அரசின் பெயரால் எழுதிவைத்தார். இதற்கு அரசியல் என்று பெயரில்லையென்றால் அகராதிக்காரர்கள் அச்சொல்லுக்கு வேறு பொருள்தான் தேடவேண்டும். ஆனால், விந்தையைப் பாருங்கள்! அந்த ஆண்டில் ஐரோப்பாவின் விளையாட்டுத் தலைவர்களுள் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. விளையாட்டில் அரசியல் புகுந்துவிட்டதே என்று அவர்கள் கண்ணீர் வடிக்கத் தொடங்கியது, அக்கொள்கையை எதிர்த்து ஒருவன் கையை உயர்த்திய பிறகுதான். ஒரேயொரு விலக்கு உண்டு. அதே 1956இல் அனைத்துலக மேசைப்பந்துச் சம்மேளனம் வெள்ளையர் சங்கத்தை நீக்கி, நிறவேறுபாடு பாராத சங்கத்தை அந்நாட்டின் பேராளராக ஏற்றுக்கொண்டது. காற்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் ரக்பிக்கும் வராத துணிவு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பந்துக்கு வந்தது.

சட்டம் என்பது தாளில் இருக்கும்வரை அதன் கொடுமை விளங்குவதில்லை. ஒரு மனிதனின் தோளில் ஏறும்போதுதான் விளங்கும். ஒப்பந்தக் கூலிகளின் முதல் கூட்டத்தைச் சென்னையிலிருந்து ஏற்றிச் சென்ற துருரோ என்னும் கப்பல், 1860 நவம்பரில் டர்பன் துறைமுகத்தில் அவர்களை இறக்கிற்று. மலாயாவின் இரப்பர்க் காட்டுக்கு வந்தவர்களும் நெட்டாலின் கரும்புக் காட்டுக்குப் போனவர்களும் ஒரே வறுமையின் பிள்ளைகள், கப்பல்தான் வேறு. அந்த டர்பன் நகரத்து இந்தியக் குடும்பமொன்றில் பிறந்தவர் பாப்வா செவ்கோலும். வெள்ளையரின் கோல்ப் மட்டைகளைச் சுமந்து திரிந்த சிறுவன். பள்ளிப் படிப்பு இல்லை, பயிற்றுநர் இல்லை. வலக்கைக்குக் கீழே இடக்கையை வைத்து, எந்தப் பாட நூலும் ஒப்பாத முறையில் மட்டையைப் பிடித்து ஆடப் பழகியவர். அவர் 1959, 1960, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஹாலந்து நாட்டுப் பொதுப் போட்டியை வென்றார்.

1963இல் சொந்த ஊரில் நடந்த நெட்டால் பொதுப் போட்டியிலும் அவரே வென்றார். பரிசளிக்கும் வேளையில் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளையர் மனமகிழ் மன்றத்தின் கூரைக்குள் இருந்தனர். அக்கூரைக்குள் நுழைய வெற்றியாளருக்கு உரிமையில்லை. மழையில் நனைந்துகொண்டே அவர் வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றுக்கொண்ட செய்தி உலகெங்கும் பரவிற்று. 1965இல் அதே போட்டியில் உலகப் புகழ் வாய்ந்த கேரி பிளேயரையும் முந்தி அவர் மறுபடியும் வென்றார். அதற்குப் பிறகு அரசாங்கம் செய்தது என்ன? கூரையை அகலமாக்கவில்லை, ஆட்டக்காரரை விலக்கிற்று. வெள்ளையர் போட்டிகளில் ஆடும் வாய்ப்பு அவருக்கு அடைக்கப்பட்டது. 1978இல் அவர் வறுமையில் மறைந்தார். விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்று சொன்ன அன்பர்களுள் ஒருவரேனும் அந்த மழையில் ஒரு குடையைக் கொண்டுபோய் அவர் தலைக்குமேல் பிடித்ததாகச் செய்தியில்லை.

கிரிக்கெட்டின் கதை இன்னும் துலக்கமானது. கேப்டவுன் நகரத்துக் கலப்பினத்தவரான பேசில் டொலிவேரா கரடுமுரடான பொதுத் திடல்களில் ஆடி வளர்ந்தவர். பிறந்த நாட்டின் அணியில் ஆட அவர் தோல் அவருக்கு உரிமை தரவில்லை. 1960இல் இங்கிலாந்துக்குச் சென்றார். ஆறாண்டுகளுக்குப் பிறகு அந்நாட்டின் அணியிலேயே இடம்பெற்றார். 1968 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் திடலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ஓட்டங்கள் குவித்தார். அதற்கடுத்துத் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லவேண்டிய இங்கிலாந்து அணியின் பட்டியல் வெளியாயிற்று. 158 ஓட்டங்கள் எடுத்தவர் பெயரைக் காணோம். ஆட்டத் தகுதி ஒன்றையே பார்த்தோம் என்றனர் தேர்வாளர். சில நாள்களில் வேறோர் ஆட்டக்காரர் காயத்தால் விலகவே, டொலிவேரா சேர்க்கப்பட்டார். உடனே தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர், இது கிரிக்கெட் சங்கத்தின் அணியன்று, நிறவெறி எதிர்ப்பாளரின் அணி என்று கூறி அதனை ஏற்க மறுத்தார். செப்டம்பர் முடிவதற்குள் பயணமே கைவிடப்பட்டது.

இதில் உள்ள வேடிக்கையைக் கவனித்தல் வேண்டும். டொலிவேரா ஊர்வலம் போகவில்லை, முழக்கம் எழுப்பவில்லை, எந்தக் கட்சியிலும் சேரவில்லை. மட்டையை எடுத்துக்கொண்டு திடலுக்குள் நடந்தார், அவ்வளவே. விளையாட்டை மட்டுமே நம்பிய மனிதர் ஒருவர் இருந்தார் என்றால் அது அவர்தாம். அவரை அரசியலாக்கியது ஒரு பிரதமரின் வாய். ஆயினும், பயணம் கெட்டதற்குப் பழி யார்மேல் விழுந்தது? ஆர்ப்பாட்டக்காரர்மேல் விழுந்தது. அரசியலைக் கலந்துவிட்டனர் என்று இலண்டன் நாளேடுகளில் கடிதங்கள் குவிந்தன. வேலியே பயிரை மேய்ந்தது. அதனைச் சுட்டிக்காட்டியவனுக்குப் பயிரழித்தவன் என்று பெயர்.

அதே 1968 அக்டோபரில் மெக்சிகோவில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. 200 மீட்டர் ஓட்டத்தில் அமெரிக்கக் கறுப்பினத்தவரான டோமி சுமித் முதலாவதாகவும், ஜான் கார்லோஸ் மூன்றாவதாகவும் வந்தனர். அந்த ஓட்டத்தின் அரையிறுதி வரை ஓடி, 20.92 வினாடியில் எல்லையைத் தொட்டவர் மலேசியத் தமிழரான மருத்துவர் ஜெகதீசன் என்பதை இந்நாட்டு மாணவர் அறிந்திருத்தல் நலம். அவர் நிறுவிய தேசியச் சாதனை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நிலைத்து நின்றது. நிற்க. பரிசு மேடையில் சுமித்தும் கார்லோசும் கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தித் தலை கவிழ்ந்து நின்றனர். இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மன், அவர்களுடைய மனித உரிமை இயக்கத்தின் சின்னத்தைத் தம் மார்பில் குத்திக்கொண்டு உடன் நின்றார். அவ்வியக்கத்தின் கோரிக்கைகளுள் ஒன்று, தென்னாப்பிரிக்காவை ஒலிம்பிக்கில் சேர்க்கக் கூடாது என்பது.

ஒலிம்பிக் மன்றத்தின் தலைவர் ஏவரி பிரண்டேஜ் கொதித்தெழுந்தார். ஒலிம்பிக்கில் அரசியலுக்கு இடமில்லை என்றார். ஓட்டக்காரர் இருவரும் வெளியேற்றப்பட்டனர். யார் இந்தப் பிரண்டேஜ்? 1936இல் இட்லரின் பெர்லினில் பந்தயம் நடந்தபோது, அமெரிக்கா அதனைப் புறக்கணிக்கக் கூடாது என்று முன்னின்று வாதாடி வென்ற அதே மனிதர். அங்கே பரிசு மேடையில் ஜெர்மானிய வீரர் கையை நீட்டி நாசி வணக்கம் செலுத்தினர். அது அந்நாட்டு மரபாகக் கொள்ளப்பட்டது. நீட்டிய கை மரபு. உயர்த்திய கை அரசியல். ஆளுகின்றவன் செய்தால் அது வழக்கம். ஆளப்படுகின்றவன் செய்தால் அது குழப்பம். இந்த அளவுகோலை எந்தக் கடையில் வாங்கினார்களோ!

இனி எதிர்த்தரப்பின் வாதங்களுள் செவிசாய்க்கத்தக்க ஒன்று உண்டு. புறக்கணிப்பால் வாடுபவன் விளையாட்டாளன் அல்லவா? அரசு செய்த குற்றத்திற்கு இருபது வயது இளைஞன் தண்டனை பெறலாமா? பேரி ரிச்சர்ட்ஸ் என்னும் வெள்ளைக் கிரிக்கெட் வீரர் 1970இல் நான்கே நான்கு டெஸ்ட் ஆட்டங்கள் ஆடினார். அத்துடன் கதவு மூடிக்கொண்டது. உலகின் தலைசிறந்த மட்டையாளருள் ஒருவர் என்று எல்லாரும் போற்றிய ஆற்றல் வீணாயிற்றே என்று இன்றும் வருந்துவோர் பலர். வருந்தவேண்டியதே. 1971இல் கேப்டவுன் நியூலண்ட்ஸ் திடலில் அவரும் மற்ற வெள்ளை வீரர்களும், தகுதியைக் கொண்டே அணியைத் தெரிவு செய்க என்று கேட்டு, ஒரு பந்து மட்டும் வீசியபின் திடலைவிட்டு நடந்து வெளியேறியதையும் மறக்கலாகாது. நெஞ்சில் ஈரம் இருந்தது. ஆனால், ரிச்சர்ட்சுக்கு நான்கு ஆட்டமாவது கிடைத்தது. ஓர் ஆட்டமும் கிடைக்காமல், பெயரும் ஊரும் உலகத்துக்குத் தெரியாமல், கேப்டவுனிலும் டர்பனிலும் பொட்டல் திடல்களில் ஆடி ஓய்ந்தவர்களின் எண்ணிக்கையை யார் எழுதிவைத்தார்? முன்னவருக்காகச் சிந்தும் கண்ணீரில் ஒரு துளியாவது பின்னவருக்காகச் சிந்தியிருந்தால் அந்தக் கண்ணீரை நம்பலாம்.

ஒன்றைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. வெள்ளையரல்லாதாரின் கிரிக்கெட் வாரியமும் தொடக்கத்தில் இந்தியர், கலப்பினத்தார், மலாய்க்காரர், கறுப்பர் என்று தனித்தனிச் சங்கங்களின் கூட்டாகவே இருந்தது. தாழ்த்தப்பட்டவருக்குள்ளும் வேலிகள் இருந்தன. 1950களின் இறுதியில் அவர்களே அவ்வேலிகளைப் பிடுங்க முன்வந்தார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. பிறர் வேலியைப் பிடுங்கச் சொல்லுமுன் தம் வேலியைப் பிடுங்கியதனால்தான் அவர்தம் குரலுக்கு வலிமை வந்தது.

புறக்கணித்தவர்கள் இழக்கவில்லையா? 1974ஆம் ஆண்டு டேவிஸ் கிண்ண டென்னிஸ் போட்டியை எடுத்துக்கொள்க. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் அன்று இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்கள். கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவும், பூனாவில் சோவியத் நாடும் அந்த அணியின் முன் வீழ்ந்தன. எஞ்சியது இறுதியாட்டம் ஒன்றே. எதிரில் நின்றது தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. கிண்ணம் ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. 13 ஆண்டுகள் கழித்து, 1987இல் இந்தியா மீண்டும் இறுதியை எட்டியபோது சுவீடனிடம் தோற்றது. இன்றுவரை அந்தக் கிண்ணம் இந்தியாவுக்குக் கிட்டவில்லை. கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போன அந்த இழப்பின் பளுவைச் சகோதரர் இருவரும் வாழ்நாள் முழுவதும் சுமந்தனர்.

ஆயினும், அங்கே இளைஞர் தலையில் மட்டும் சுமையை ஏற்றிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளவில்லை. நெட்டால் இந்தியரின் நில உரிமையைப் பறித்த சட்டத்தைக் கண்டித்து 1946இலேயே தென்னாப்பிரிக்காவுடன் வாணிகத்தை முறித்துக்கொண்ட நாடு இந்தியா. 28 ஆண்டுகளாக வணிகர் இழந்தனர். அதன்பின் விளையாட்டாளரும் இழந்தனர். இழப்பு பொதுவாக இருந்தது. மலாயாவின் முதற்பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் 1960இல் இலண்டன் காமன்வெல்த் மாநாட்டில் நிறவெறியைத் துணிந்து கண்டித்ததும், மறு ஆண்டே தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டு வெளியேறியதும் இந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை.

1976 சூன் 16ஆம் நாள் சொவெட்டோவில் பள்ளி மாணவர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தக் குருதி காய்வதற்குள் நியூசிலாந்தின் ரக்பி அணி தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று ஆடிற்று. அந்நாட்டை மொண்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து விலக்குமாறு ஆப்பிரிக்க நாடுகள் கேட்டன. ரக்பி ஒலிம்பிக் விளையாட்டன்று என்று ஒலிம்பிக் மன்றம் கைவிரித்தது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் வெளியேறின. 1500 மீட்டரில் அன்றைய உலகச் சாதனையாளர் தான்சானியாவின் பில்பர்ட் பாயி. அவர் ஓடவில்லை. தங்கம் வென்றவர் நியூசிலாந்தின் ஜான் வாக்கர். வாக்கர் நல்ல ஓட்டக்காரர், அவர்மேல் குற்றமில்லை. எனினும் அந்தத் தங்கத்தின் விலையில் ஒரு பகுதியைத் தான்சானியாவின் ஏழை மகன் ஒருவன் செலுத்தினான் என்பதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாண்டு கழித்து, 1981 சூலையில், ஹாமில்டன் நகரில் தென்னாப்பிரிக்க அணி ஆடவிருந்த திடலுக்குள் நியூசிலாந்து மக்களே புகுந்து ஆட்டத்தை நிறுத்தினர். பாயியின் கடனில் ஒரு பங்கை அவர்கள் அடைத்தனர் எனலாம்.

அப்படியாயின் எல்லாப் புறக்கணிப்பும் அறமாகுமா? ஆகாது. இங்கேதான் சிந்தனை தேவைப்படுகிறது. மலேசியர் நெஞ்சில் ஆறாத புண் ஒன்று உண்டு. 1980 ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியக் காற்பந்துக் குழு தென் கொரியாவை 2-1 என்ற கோல் கணக்கில் வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. கோல் முனையில் ஆறுமுகம், தற்காப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங், வெற்றிக் கோலை அடித்த ஜேம்ஸ் வோங். மூவினமும் தோளோடு தோள் நின்ற குழு. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து அமெரிக்க அதிபர் கார்ட்டர் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தார். மலேசியாவும் விலகிற்று. அக்குழுவின் இடத்தில் ஈராக் ஆடிற்று. எட்டாண்டுகளுக்குப்பின் சாலை விபத்தில் மறைந்த ஆறுமுகம் ஒலிம்பிக் திடலின் புல்லை மிதிக்காமலே மறைந்தார்.

ஆப்கானிஸ்தான்மீது நடந்த படையெடுப்பு கொடிதே. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால், அந்தப் புறக்கணிப்பை வகுத்தவர்கள் எதனை இழந்தார்கள்? சோவியத் நாட்டுக்குத் தானியம் விற்பதை அமெரிக்கா 1980 சனவரியில் கட்டுப்படுத்திற்று. 1981 ஏப்ரலில் அத்தடையை நீக்கிக்கொண்டது. சோவியத் படைகளோ 1989 வரை அங்கேயே இருந்தன. கோதுமைக்கு ஒன்றேகால் ஆண்டுதான் கொள்கை. விளையாட்டாளனுக்கு மட்டும் வாழ்நாள் முழுவதும். அநீதி அந்தத் திடலுக்குள் நடக்கவுமில்லை. திடலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சோவியத் விளையாட்டாளர் எவரும் எங்களுக்காக வராதீர்கள் என்று கேட்கவுமில்லை. தென்னாப்பிரிக்காவிலோ, விலக்கப்பட்ட விளையாட்டாளர்களே கேட்டார்கள். சமூகம் கோணலாயிருக்கையில் அதில் ஆடும் ஆட்டம் மட்டும் நேராயிருக்க முடியாது என்பதே 1973இல் உருவான அவர்களுடைய விளையாட்டு மன்றத்தின் முழக்கம். அந்த இயக்கத்தை முன்னின்று வளர்த்தவர்களுள் ஒருவரான டெனிஸ் புரூட்டஸ், 1963இல் போலீசாரின் குண்டடிபட்டு, ரொபன் தீவில் கல்லுடைத்தவர். கேட்டவரே விலையும் கொடுத்தார்.

இந்த இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவோர் அறியாமையால் செய்கிறார்கள் என்று கொள்வதற்கில்லை. மாஸ்கோவைக் காட்டித் தென்னாப்பிரிக்காவை மறைப்பது அவர்களுக்கு வசதி.

ரொபன் தீவைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. அங்கே அடைக்கப்பட்ட அரசியல் கைதிகள், காற்பந்தாட இசைவு தருமாறு விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தனர். கேட்டதற்காகத் தண்டனையும் பெற்றனர். பல்லாண்டு கேட்டபின்னரே இசைவு கிடைத்தது. உடனே மாக்கானா என்ற பெயரில் சங்கம் அமைத்தனர். உலகக் காற்பந்துச் சம்மேளனத்தின் விதிகளை வரிக்கு வரி பின்பற்றி, நடுவர்களைப் பயிற்றுவித்து, முறையீடுகளை எழுத்தில் விசாரித்துப் போட்டிகள் நடத்தினர். அரசியலுக்காகவே சிறை சென்றவர்கள் அவர்கள். விளையாட்டை யார் மதித்தார்? தோலின் நிறம் பார்த்து ஆட்டக்காரனை விரட்டியவரா, சிறைக்குள்ளும் விதிநூல் கேட்டு வாங்கி ஆடியவரா?

1991இல் ஒலிம்பிக் மன்றம் தென்னாப்பிரிக்காவை மீண்டும் ஏற்றுக்கொண்டது. அந்நாட்டின் புதிய ஒலிம்பிக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சாம் ராம்சாமி. ஒப்பந்தக் கூலிகளின் வழித்தோன்றல், உடற்பயிற்சி ஆசிரியர், 1970களின் தொடக்கத்தில் நாட்டைவிட்டு வெளியேறி இலண்டனில் இருந்துகொண்டு, நிறவெறி அணிகள் எந்த நாட்டுக்குப் போகின்றன, யார் யாரோடு ஆடுகிறார்கள் என்று கணக்கெடுத்து உலகுக்கு அறிவித்தவர். விளையாட்டைக் கெடுக்க வந்தவர் என்று தூற்றப்பட்ட மனிதரிடமே கெட்டுப்போன விளையாட்டைச் செப்பனிடும் பொறுப்பு வந்து சேர்ந்தது. 1992 பார்சலோனாவில் 10,000 மீட்டர் ஓட்டம் முடிந்ததும், முதலாவதாக வந்த எத்தியோப்பியாவின் தெரார்த்து துலுவும், இரண்டாவதாக வந்த தென்னாப்பிரிக்க வெள்ளைப் பெண்மணி எலனா மேயரும் கைகோத்துத் திடலைச் சுற்றி ஓடினர். அந்தக் காட்சியைக் கண்டு, விளையாட்டு மக்களை ஒன்றுசேர்க்கிறது பாருங்கள் என்று பூரித்தவர்கள், அந்த ஓட்டத்துக்குப் பாதை போட்டவர்கள் முப்பதாண்டுகளாகத் திடலுக்கு வெளியே பதாகை பிடித்து நின்றவர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல மறந்தனர்.

இவ்வளவு தொலைவு சென்றபின் மீண்டும் பரிசளிப்பு மேடைக்கே வருதல் தகும். தென்னாப்பிரிக்காவோடு மலேசியாவை ஒப்பிடுவதற்கில்லை. அப்படி ஒப்பிடுவது அங்கே அடிபட்டவர்களுக்குச் செய்யும் இழிவு. ஆனால், யாருக்குத் திடல் உண்டு, யாருக்குத் திடல் இல்லை என்ற வினா எந்த நாட்டிலும் அரசியல் வினாதான். நிலம் ஒதுக்குவது பயிற்றுநர் அல்லர். வரவு செலவுத் திட்டத்தில் தொகை எழுதுவது நடுவரும் அல்லர். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் பிறர் நிலத்தில் நிற்பவை. அதனாலேயே பகுதி உதவி பெறும் பள்ளிகள் என்ற பெயரோடு பல்லாண்டு காத்திருந்தவை. இரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில் தோட்டத்துக் காற்பந்துத் திடலே பள்ளியின் திடலாகவும் இருந்தது. மாலையில் அப்பன் ஆடுவான், காலையில் மகன் ஓடுவான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகள் எழுந்தபோது முதலில் மறைந்தது அந்தத் திடல். கோயிலுக்காக மனுக் கொடுத்தார்கள். பள்ளிக் கட்டடத்துக்காக மனுக் கொடுத்தார்கள். திடலுக்காக மனுக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அது விளையாட்டுச் சமாசாரந்தானே என்று விட்டுவிட்டார்கள். சமூகத் தலைவர்களும் இந்தப் பழியில் பங்கு கொள்ளவேண்டியவர்களே.

அதன் விளைவை இன்றும் சில பள்ளிகளில் காணலாம். சபைகூடும் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கோடு கிழித்து 50 மீட்டர் ஓடுகிறான் பையன். 100 மீட்டரை அவன் முதன்முதலாக முழுமையாக ஓடுவது மாவட்டப் போட்டி நாளன்றுதான். அங்கே அவன் பின்தங்கினால், அந்தப் பிள்ளைகளுக்கு ஊக்கம் போதாது என்று கூறுவதற்கு ஆள் இருக்கிறது. ஆண்டுப் போட்டிக்கோ அண்டைப் பள்ளியின் திடலை இரவல் கேட்டு மூன்று மாதம் முன்னதாகவே கடிதம் எழுதவேண்டும்.

சிறப்பு விருந்தினர் அடுத்த ஆண்டும் வருவார், மாலை அணிவிக்கப்படும், ஒலிபெருக்கி நீட்டப்படும். வழக்கமான அந்த வாசகத்தைத் தொடங்குமுன், தாம் நின்று பேசும் திடல் எந்தப் பள்ளியிடம் இரவல் வாங்கியது என்று, பக்கத்தில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியரை அவர் ஒரு வார்த்தை கேட்கலாம்.